அறங்காவலர் குழுவில் வெளியார்: தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு,

வணக்கம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழுத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம்மிடையே ஒரு மனக்குறை தலைதூக்குகிறது. ஒரு வரிகூடத் தொகுத்திராதவர்களும் பயனர்கள் உரையாடும் பேச்சுப் பக்கம் ஒன்றை எட்டிப் பார்த்திராதவர்களும், பெருநிறுவனங்களில் உயர்பதவி வகித்தார்கள் என்ற ஒரே தகுதியில் அந்தக் குழுவில் அமர்ந்து, ஊதியம் எதுவும் இல்லாமல் உழைக்கும் நம்மைப் பற்றி முடிவெடுப்பது முறையா என்பதே அந்தக் குறை. வெளியார் எவரும் அறங்காவலராகக் கூடாது என்று துணைவிதியிலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை. வெளியார் இன்று அந்தக் குழுவுக்குள் வந்து சேரும் வழியையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டியிருப்பதால் மடல் சற்று நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழுவின் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020ஆம் ஆண்டின் துணைவிதித் திருத்தத்துக்குப் பிறகு அறங்காவலர் குழுவில் 16 இடங்கள் வரை இருக்கலாம். அவற்றுள் 8 இடங்களுக்கு உரியவர்களை விக்கிமீடியச் சமூகமும் இணைப்பு அமைப்புகளும் (நாட்டுக் கிளைகள், பயனர் குழுக்கள் போன்றவை) தேர்ந்தெடுக்கின்றன. 7 இடங்களுக்குக் குழுவே தனக்கு வேண்டிய துறையறிவு உள்ளவர்களைத் தேடி நியமிக்கிறது. எஞ்சிய ஓர் இடம் நிறுவனரான ஜிம்மி வேல்ஸுக்கு உரியது. ஆகவே எல்லா இடங்களும் நிரம்பியிருக்கும்போது நிறுவனரைக் கணக்கில் சேர்த்தால் சமூகத்தின் பங்கு சரிபாதி. சேர்க்காவிட்டால் 15இல் 8, அதாவது ஒரே ஓர் இடத்துப் பெரும்பான்மை. நம் உரையாடல்களில் வெளியார் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த 7 நியமன இடங்களுக்கு வருகிறவர்களைத்தான்.

ஒரு காலத்தில் எல்லாம் தொகுப்பவர்கள் கையில்தான் இருந்தது, பிறகு பணம் வந்தது, பணத்தோடு வெளியாரும் வந்தார்கள் என்றொரு கதை நம்மிடையே உலவுகிறது. நடந்தது அப்படியன்று. 2003 ஜூன் 20 அன்று புளோரிடாவில் அறக்கட்டளை நிறுவப்பட்டபோது வேல்ஸும் அவருடைய வணிகக் கூட்டாளிகள் இருவரும் சேர்ந்ததே குழு. 2004இல் நடந்த முதல் தேர்தலில்தான் பிரான்சின் ஃப்ளோரன்ஸ் தெவூவாரும் ஏஞ்சலா பீஸ்லியும் சமூகத்தின் வாக்கால் உள்ளே வந்தார்கள். அப்போதும் ஐவரில் இருவர்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2006இல் வேல்ஸிடமிருந்து தலைமைப் பொறுப்பைத் தெவூவார் ஏற்ற பிறகு சமூகத்தின் கை படிப்படியாக ஓங்கியது. 2008ஆம் ஆண்டின் சீரமைப்பில் பத்து இடங்களுள் மூன்று சமூகத் தேர்தலுக்கும், இரண்டு கிளை அமைப்புகளுக்கும், நான்கு நியமனத்துக்கும், ஒன்று நிறுவனருக்கும் எனப் பங்கிடப்பட்டன. இழந்துவிட்ட பொற்காலம் என்று மீட்டெடுப்பதற்கு எதுவும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் சிறுபான்மையினர், இன்று பாதி.

ஆனால் அந்தத் தொடக்கக் காலத்தில் இழந்தது ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அறக்கட்டளையின் முதல் துணைவிதிகளில் உறுப்பினர் என்ற வகை இருந்தது. 2006இல் அது நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு சிறு வாசகசாலைக்குக்கூடப் பொதுக்குழு உண்டு. உறுப்பினர்கள் ஆண்டுக்கொரு முறை கூடிக் கணக்குக் கேட்கலாம், நிர்வாகக் குழுவை மாற்றலாம், துணைவிதியைத் திருத்தலாம். உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் வலைத்தளங்களுள் ஒன்றை நடத்தும் இந்த அறக்கட்டளைக்கு அப்படியொரு பொதுக்குழு கிடையாது. நாம் அளிக்கும் வாக்கு சட்டத்தின் பார்வையில் ஒரு பரிந்துரை. அந்தப் பரிந்துரையை ஏற்று அறங்காவலரை அமர்த்துவது குழு. அமர்த்தியவரை நீக்குவதும் குழு.

அது எப்படி நடக்கும் என்பதை 2015இல் கண்டோம். கனடா நாட்டு மருத்துவரும், மருத்துவக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்துவதில் நெடுங்காலம் உழைத்தவருமான ஜேம்ஸ் ஹைல்மன் அந்த ஆண்டு சமூகத்தின் வாக்கில் வென்று அறங்காவலரானார். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று 8-க்கு 2 என்ற வாக்கில் குழு அவரை நீக்கியது. காரணம் கூறியோ கூறாமலோ ஓர் அறங்காவலரை நீக்கத் துணைவிதி இடம் தந்தது. அவர்மீது நம்பிக்கை இல்லை என்பதற்கு மேல் குழு தெளிவாக எதையும் சொல்லவில்லை. வெளிப்படைத்தன்மை குறித்து எழுந்த கருத்துவேறுபாடே காரணம் என்றார் ஹைல்மன். 2017இல் அதே சமூகம் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பியது. இந்த நிகழ்வை வெளியாருக்கு எதிரான சான்றாகச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்த எண்மருள் நம் வாக்கால் வந்தவரும் கிளை அமைப்புகளின் தேர்வால் வந்தவர்களும் இருந்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. உள்ளிருந்து வந்தவர்கள் என்பதனால் மட்டும் அவர்கள் உள்ளிருப்பவர் ஒருவரைக் காத்துவிடவில்லை.

வெளியாரை ஐயுறுவதற்கு நமக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுநாள் இருப்பவர்களுக்கு 2009 முதல் 2011 வரையிலான கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டம் நினைவிருக்கும். கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளில் பதிவேற்றியது. நோக்கம் தீயதன்று; இந்திய மொழிகளில் இணைய உள்ளடக்கம் பெருக வேண்டும் என்பதே அது. வந்து விழுந்த கட்டுரைகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தமிழ் வாசகருக்கு அவசரத் தேவையில்லாத தலைப்புகள். பக்கம் முழுவதும், இல்லாத பக்கங்களைச் சுட்டும் சிவப்பிணைப்புகள். உடைந்த வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் எடுத்தாளும் ஆயத்த அமைப்புகள்). எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை மூன்று வரி தள்ளியுமாகக் கிடக்கும் தொடர்கள். அந்தக் கணக்குகளின் பேச்சுப் பக்கத்தில் பணிவாக ஒரு குறிப்பு இட்டால் மறுமொழி வராது. மறுநாள் அதே கணக்கிலிருந்து அதே குறைகளோடு அடுத்த நெடுங்கட்டுரை வரும். எழுதியவருக்கும் நமக்கும் நடுவே ஒப்பந்ததாரர் ஒருவர் இருந்தார். நாம் பேசியது அவரைத் தாண்டிப் போகவே இல்லை.

அப்போது நாம் என்ன செய்தோம் என்பதுதான் இந்த மடலுக்கு வேண்டியது. வங்காள விக்கிப்பீடியர்கள் அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தார்கள். நாம் கதவை அடைக்கவில்லை. திட்டத்தை நிறுத்தச் சொல்லி, பேசுவதற்குப் பொறுப்பான ஆள் வேண்டும் என்று கேட்டு, தலைப்புத் தேர்வுக்கும் நடைக்கும் பிழை திருத்தத்துக்கும் நிபந்தனை விதித்தோம். அந்தப் பட்டறிவை 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் நம்மவர் ஒருவர் உலக விக்கிப்பீடியர்கள் முன் எடுத்துரைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2018இல் வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டி வந்தபோது அதே நிறுவனத்தின் துணை அதற்கும் இருந்தது. தன்னார்வலர்களுக்கு மடிக்கணினியும் இணையக் கட்டண உதவியும் கிடைத்தன. ஆனால் கட்டுரைகளை மதிப்பிட்ட நடுவர்கள் நம்மவர்கள். முதல் திட்டத்தின்மீது நாம் பட்ட எரிச்சல் இரண்டாவதன்மீது எழவில்லை. இரண்டிலும் வெளியார் பணம் இருந்தது. ஒன்றில் நம் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, மற்றொன்றில் இருந்தார். அறங்காவலர் குழுவுக்கும் நான் இந்த அளவுகோலையே பொருத்திப் பார்க்கிறேன்.

வெளியார் ஏன் வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதற்குத் தொலைதூரம் போக வேண்டாம், பெங்களூரு போதும். விக்கிமீடியா இந்தியா என்ற கிளை அமைப்பு 2011இல் அங்கே சங்கமாகப் பதிவானது. அதை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். விக்கியை உளமார நேசித்தவர்கள். இந்திய மொழிகள் பலவற்றில் பயிற்சிப் பட்டறைகளும் போட்டிகளும் அந்த அமைப்பின் வழியே நடந்தன. 2019இல் அறக்கட்டளை அதற்கு அளித்திருந்த கிளை என்ற ஏற்பை விலக்கிக்கொண்டது. கட்டுரைத் தரம் குறித்தோ பயனர் பூசல் குறித்தோ அந்த முடிவு எழவில்லை. உரிய காலத்தில் அறிக்கைகள் வரவில்லை, அறநிறுவனமாகச் செயல்படவும் வெளிநாட்டு நிதியைப் பெறவும் இந்திய அரசிடம் பெற வேண்டிய பதிவுகள் கைகூடவில்லை என்பனவே காரணங்கள். தணிக்கை, வருமான வரி விலக்கு, வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் ஆகியவற்றை அன்றாடம் கையாளும் ஒரு பட்டயக் கணக்கரும் ஒரு வழக்கறிஞரும் முழுப் பொறுப்புள்ள குழு உறுப்பினர்களாக இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில்தான் ஓட்டை இருந்தது. நூறு நல்ல தொகுப்பாளர்களைச் சேர்த்து அந்த ஓட்டையை அடைக்க முடியாது. இந்திய மொழிகளுக்கென ஒரு தேசியக் கிளை இன்றி நாம் இருப்பதற்கு வெளியார் காரணமல்லர்.

அறக்கட்டளையின் அளவு இதைவிடப் பன்மடங்கு பெரியது. 2022–23 நிதியாண்டில் அதன் வருவாய் சுமார் 18 கோடி டாலர். அந்தப் பணத்தின் பெரும்பகுதி நம்மைப் போன்ற வாசகர்கள் தந்த சிறு நன்கொடைகளால் சேர்ந்தது. அதன் தணிக்கையறிக்கையைப் படித்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் பயிற்சி, நல்ல கட்டுரை எழுதுவதால் வந்துவிடாது. பண்டைய இலக்கியக் கட்டுரைகளில் நம்மிடையே ஈடு இணையற்ற ஒருவர் முதலீட்டுக் கொள்கை குறித்து வாக்களிக்க வேண்டிய நிலையில் அமர்ந்தால், அவர் அலுவலர் தரும் குறிப்பை அப்படியே நம்புவதைத் தவிர வேறு வழியிராது. துறையறிவு இல்லாத குழு அலுவலர்களின் கைப்பாவையாவது எளிது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும் அதற்கு விலக்கன்று.

தில்லி உயர்நீதிமன்ற வழக்கை எண்ணிப் பாருங்கள். 2024 ஜூலையில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியக் கட்டுரை தன் நற்பெயருக்குக் கேடு விளைவிக்கிறது என்று கூறி அறக்கட்டளைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. கட்டுரையைத் தொகுத்த பயனர்களின் விவரங்களைத் தருமாறு நீதிமன்றம் கேட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அவ்வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியப் பக்கமே நீதிமன்ற ஆணையால் மறைக்கப்பட்டது. பயனர்களின் அடையாளத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கோரும் மடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். நம்மில் சிலரும் ஒப்பமிட்டோம். பக்கத்தை மறைக்கச் சொன்ன ஆணையை 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதங்களில் அறங்காவலர் குழுவின் மேசையில் இரண்டு வகை அறிவு தேவைப்பட்டது. இந்திய நீதிமன்றங்கள் நீதிமன்ற அவமதிப்பை எவ்வளவு கடுமையாகக் கருதும், இடைக்கால ஆணையை எதிர்த்து எந்தக் கட்டத்தில் மேல்முறையீடு செய்வது பொருந்தும் என்பது ஒன்று. அது பெரும்பாலும் வெளியாரிடம் கிடைக்கும். ஒரு சிற்றூரில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு சொந்தப் பெயரில் தொகுக்கும் ஒருவருக்கு, தன் விவரம் மூடிய உறையில் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும் என்ற செய்தி என்ன செய்யும் என்பது மற்றொன்று. அதைத் தொகுத்தவர்தான் அறிவார். முதலாவதை விலக்கி வைத்துவிட்டு இரண்டாவதைக் கொண்டு மட்டும் யாரையும் காக்க முடியாது.

தேர்தல் என்பது எல்லாருடைய குரலையும் உள்ளே கொண்டுவந்துவிடும் என்ற நம்பிக்கையும் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டியதே. மும்பையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநரும் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளருமான பிசாகா தத்தா 2010இல் அறங்காவலரானது நியமன இடத்தின் வழியாகத்தான். 2021 தேர்தலில் இந்தியாவிலிருந்து பலர் போட்டியிட்டார்கள், நம்மவரும் அவர்களுள் இருந்தார். தேர்வான நால்வரும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். அந்த நால்வரின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. வாக்காளர் தொகை எந்த மொழிகளில் குவிந்திருக்கிறதோ அந்த மொழிகளில் அறிமுகமானவர்களே வெல்வார்கள் என்பது எளிய கணக்கு. நியமன இடங்களை அடியோடு ஒழித்தால் முதலில் குரல் குறையப்போவது நம்மைப் போன்ற மொழிச் சமூகங்களுக்குத்தான். வெளியார் வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களிடம் இந்த ஒன்றை மட்டும் நிதானமாக எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

உறுப்பினர்களை மட்டுமே குழுவில் அமர்த்தும் அமைப்புகளில் வெளியார் தொல்லை இருக்காது என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் கட்டற்ற உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அறக்கட்டளை அத்தகையது. கட்டணம் செலுத்திய எவரும் உறுப்பினராகலாம். உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்தே இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2018 நவம்பரில், குழுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், இந்தியாவிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 100 பேர் திடுதிப்பென்று உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள். அந்த அறக்கட்டளையின் உறுப்பினர் பணிக்குழு ஆராய்ந்து, அது தனித்தனி ஆர்வத்தால் நிகழ்ந்ததன்று, ஒருங்கிணைக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. முன்வாசலைப் பூட்டினால் வெளியார் உறுப்பினர் சீட்டோடு வருவார்கள். நியமனம் பெற்று வருகிறவரின் பெயராவது நமக்குத் தெரியும், அவருடைய முந்தைய பணி தெரியும். இப்படி வருகிறவர்களை யார் அனுப்பினார்கள் என்பதுகூடத் தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு இந்தியச் சட்டம் ஓரிடத்தில் நல்லதொரு வழியைக் காட்டியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் குறித்து 2011இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 97ஆவது திருத்தம், இயக்குநர் எண்ணிக்கைக்கு 21 என்ற உச்சவரம்பை வைத்தது. அதற்கு மேல் வங்கி, மேலாண்மை, நிதி அல்லது சங்கத்தின் பணி சார்ந்த துறையில் பட்டறிவு உள்ள இருவர் வரை குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அந்த இருவருக்கும் அந்தத் தகுதியில் சங்கத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. தலைவர் முதலான பொறுப்பாளர்களாக அவர்கள் தேர்ந்தெடுக்கப்படவும் முடியாது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டதால் ஒரு மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தம் செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது நிற்கிறது. எண்ணிக்கையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அறிவுக்கு இடம் கொடுத்து, ஆட்சிக்கு வரம்பு கட்டியிருக்கும் முறைதான் கவனிக்கத் தக்கது.

இனி, வெளியார் வரும் வழி குறித்து. 2016 ஜனவரித் தொடக்கத்தில் குழு இரண்டு வெளியாரை ஒன்றாக நியமித்தது. ஒருவர் கெல்லி பேட்டில்ஸ், நிதித்துறை அனுபவத்துக்காக அழைக்கப்பட்டவர். மற்றவர் அர்னன் கெஷூரி, பெருநிறுவனங்களில் மனிதவளப் பொறுப்பு வகித்தவர். ஒருவரின் ஊழியரை மற்றவர் வேலைக்கு அழைப்பதில்லை என்று சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அமெரிக்காவில் பெரும் வழக்கானது. கெஷூரி கூகுளில் ஆள்சேர்ப்புப் பொறுப்பில் இருந்த காலத்து மின்னஞ்சல்கள் அவ்வழக்கின் ஆவணங்களில் இடம்பெற்றிருந்தன. இவை இரகசியமல்ல; செய்தித்தாள்களில் வந்தவை. அறிவிப்பு வெளியான சில நாட்களுக்குள் பயனர்கள் அவற்றைத் தேடியெடுத்து முன்வைத்தார்கள். சில நூறு பேர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். அந்த மாதம் 27ஆம் நாள் அவர் விலகினார். பேட்டில்ஸுக்கு எதிராக எவரும் கொடி பிடிக்கவில்லை. ஒரே நேரத்தில், ஒரே வழியில் வந்த இரண்டு வெளியாருள் ஒருவரைச் சமூகம் ஏற்றது, ஒருவரை ஏற்கவில்லை. நமக்கு வெளியார் என்றாலே ஒவ்வாமை என்று பேசுகிறவர்களுக்கு இதைவிடத் தக்க மறுமொழி வேண்டுமா? மேற்கோள் சரிபார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட பல்லாயிரவர் இருக்கும்போது, ஒரு பெயரை அவர்களிடம் முன்கூட்டிக் காட்டாமல் நியமித்தது ஏன் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு இது. நியமன இடங்கள் இருக்கட்டும். ஆனால் ஒருவரை நியமிக்கும் முன், எந்தத் துறையறிவுக்காக அவர் வேண்டப்படுகிறார் என்ற விளக்கத்தோடு அவர் பெயரை இரண்டு வாரங்களுக்கு வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். நியமனம் பெற்றவர், அடுத்து வரும் சமூகத் தேர்தலின்போது, தொடரலாமா என்ற ஒற்றைக் கேள்வியோடு அதே வாக்காளர்கள் முன் வர வேண்டும். வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தால் அவர் விலக வேண்டும். இல்லையேல் தம் மூன்றாண்டுக் காலத்தை நிறைவுசெய்யலாம். இந்த வாக்கெடுப்பைக் கடக்கும்வரை அவர் குழுவின் தலைவராகவோ துணைத்தலைவராகவோ ஆகக் கூடாது. நியமன இடங்களின் எண்ணிக்கை, நிறுவனர் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், சமூகத் தேர்வு இடங்களைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். இன்றைய 8-க்கு 8 என்ற நிலைக்குப் பதிலாக நியமன இடங்களை 6 ஆக்கினாலே இது நடந்துவிடும்.

பெரும்பான்மை என்று வைக்காமல் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. 2021 தேர்தலைப் பற்றி மேலே சொன்ன கணக்கு இங்கும் வேலை செய்யும். பெரிய மொழி விக்கிகளின் வாக்காளர்கள், தங்களுக்கு அறிமுகமில்லாத ஓர் ஆப்பிரிக்கரையோ இந்தியரையோ போகிற போக்கில் நிராகரித்துவிட முடியாதபடி தடை உயரமாக இருக்க வேண்டும். அதே வேளையில், 2016இல் நடந்ததைப் போன்ற தெளிவான எதிர்ப்பு எழும்போது அது செல்லுபடியாகவும் வேண்டும். அன்று கெஷூரி தாமாக விலகினார். விலகாமல் இருந்திருந்தால் அந்த வாக்கெடுப்பைக் கொண்டு நம்மால் எதுவும் செய்திருக்க முடியாது.

இத்தகைய வாக்கெடுப்பு வைத்தால் தகுதியான வல்லுநர் எவரும் வரமாட்டார் என்ற எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். ஊதியமில்லாப் பொறுப்பு, அதற்கு மேல் முன்பின் தெரியாத சில ஆயிரம் பேர் தரும் மதிப்பெண்ணும் வேண்டுமா என்று சிலர் ஒதுங்கத்தான் செய்வார்கள். ஒதுங்குகிறவர்களால் நேரும் இழப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இந்த வாக்கெடுப்பு நியமனத்துக்கு முன்பு நடப்பதன்று. அவர் ஓராண்டோ அதற்கு மேலோ பணியாற்றி, தணிக்கைக் குழுவில் என்ன கேட்டார், எந்த முடிவில் எப்படி வாக்களித்தார் என்பதெல்லாம் குழுவின் பதிவுகளில் இருக்கும் நிலையில் நடப்பது. நம் விக்கியில் நிருவாகி அணுக்கம் (பக்கங்களை நீக்குவது, காப்பது போன்ற கூடுதல் உரிமை) கேட்கும் ஒரு கல்லூரி மாணவர்கூட அத்தனை பேருடைய கேள்விக்கும் பொதுவில் பதில் சொல்லிவிட்டுத்தான் அந்த அணுக்கத்தைப் பெறுகிறார். 18 கோடி டாலருக்குப் பொறுப்பேற்பவர் அதைவிடக் குறைவான கேள்விகளோடு அமரலாம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னோர் எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். இத்தனை நிபந்தனை போட்டு வெளியாரை உள்ளே விடுவதைவிட, நம்மிடையே உள்ள கணக்கர்களையும் வழக்கறிஞர்களையும் தேடிப் பிடித்துத் தேர்தலில் நிறுத்தலாமே என்பது அது. நிறுத்துவோம், நல்லதுதான். ஆனால் அறங்காவலராக வருகிறவர், எந்த வாசல் வழியே வந்தாலும், சட்டப்படி அறக்கட்டளையின் நலனுக்குத்தான் கடமைப்பட்டவர். தம்மை அனுப்பியவர்களின் பேராளர் அல்லர். நம்மவர் ஒருவர் வென்று போனாலும், தமிழ் விக்கிக்கு நிதி குறையும் ஒரு முடிவு அறக்கட்டளைக்கு நல்லது என்று அவர் கருதினால் அதற்கு வாக்களிக்கத்தான் வேண்டும். அதற்காக அவரை நாம் தூற்றக் கூடாது. உள்ளார், வெளியார் என்று நாம் போடும் கோட்டுக்கு அந்த அறைக்குள் நாம் நினைக்கும் அளவு மதிப்பில்லை.

கோடு எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். வாக்களிக்க வேண்டுமானால் மொத்தம் 300 தொகுப்புகளும் அண்மை ஆறு மாத காலத்தில் 20 தொகுப்புகளும் வேண்டும் என்பது அண்மைத் தேர்தல்களில் பின்பற்றப்பட்ட வரையறை. நாள்தோறும் தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்கும் மாணவர் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். ஆண்டுதோறும் நன்கொடை தருபவர் வெளியே. விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்துக்குத் தம் ஊர்க் கோயில்களின் படங்களை முன்பு ஏற்றிவிட்டு இப்போது பணிச்சுமையால் ஓய்ந்திருப்பவரும் வெளியே. வெளியார் என்ற சொல்லால் நாம் யாரையெல்லாம் ஒதுக்குகிறோம் என்று பார்த்துப் பேசுவது நல்லது.

நடைமுறைக்குரிய இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, வாக்காளர் தகுதியுள்ள நம்மவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் வாக்களிக்க வேண்டும். வேட்பாளர் அறிக்கைகள் நெடிய ஆங்கிலத்தில் வருகின்றன, தமிழாக்கம் வாக்கெடுப்பின் கடைசி நாட்களில்தான் முடிகிறது, அதற்குள் பலர் தெரிந்த பெயருக்கு வாக்கிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழாக்கத்துக்கு நால்வர் அணி ஒன்றை முன்கூட்டியே அமைத்துவிட்டால் இது தீரும். அதில் நான் சேர்கிறேன். மற்றொன்று, துணைவிதித் திருத்தம் குறித்து அறக்கட்டளை மேல்விக்கியில் (எல்லா விக்கிகளுக்கும் பொதுவான உரையாடல் தளத்தில்) கருத்துக் கேட்கும்போது, வெளியாரை விலக்குக என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடாமல், மேலே உள்ள முன்மொழிவையோ அதைவிடச் சிறந்த ஒன்றையோ தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பது அவர்கள் பொறுப்பு.

முன்மொழிவின் வரைவை நம் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் தனித் தலைப்பில் இடுகிறேன். மூன்றில் இரண்டு பங்கு என்ற வரம்பு மிகை என்று நினைப்பவர்கள், ஐந்தில் மூன்று போதுமா, அப்படி வைத்தால் பெரிய விக்கிகளின் வாக்குத் திரட்சியை எப்படிச் சமாளிப்பது என்பதையும் சேர்த்து எழுதினால் வரைவை அதற்கேற்பத் திருத்திவிடலாம்.

அன்புடன்,
தமிழ் விக்கிப்பீடியப் பயனர் ஒருவர்